ஒரே தொகுதிதானே

ஊரப்பாக்கம்
19 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். வாட்ஸப்பிலும் அப்படியே. கிறிஸ்டி டீச்சரைக் கூப்பிட்டால், "உங்க அக்கா எங்க மாடியிலதான் இருக்காங்க சார், ஆனா பேச மாட்டேங்குறாங்க" என்கிறார். கோவளத்துக்கு நேரிலேயே வந்தேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சொந்தத் தம்பி நான் மாடிப்படியில் வெயிலில் நின்று அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

நடந்தது விபத்து. முதலில் நீ அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அறிவியல் விழாவில் வருடா வருடம் நீயே தண்ணீரில் சோடியம் போட்டுக் காட்டுவாய். யாருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. இந்தத் தடவை நீ திருச்சிக்குப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாய். புதிதாகச் சேர்ந்த ஜேசன் சார் செய்தார். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். அதுவும் அதே வகை உலோகம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். வெடித்துவிட்டது. சினேகாவின் இடது கண்ணில் தெறித்துவிட்டது. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? அந்த மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கட்டணம் இல்லாமல் இடம் கொடுத்தவன் நான்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி விசாரணைக்குக் கல்வித் துறை அதிகாரி வருகிறார். வக்கீல் ஒரு விளக்கம் எழுதித் தந்திருக்கிறார். வேதியியல் துறைத் தலைவர் என்று நீ அதில் கையெழுத்துப் போட வேண்டும். பாதுகாப்பு விதிகள் மாணவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டன, பாதுகாப்புக் கண்ணாடி வழங்கப்பட்டது, மாணவி அனுமதி இல்லாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டியின்மீது குனிந்தாள். அவ்வளவுதான். நீ அன்றைக்கு ஊரிலேயே இல்லை. உனக்கு ஒன்றும் வராது.

அப்பா ஏர் ஓட்டிய நிலத்தில் நிற்கிற பள்ளிக்கூடம். ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். ஒரு விபத்துக்காக இதை இழுத்து மூட வேண்டுமா? டிரைவர் தேவானந்தம் இதைக் கொண்டுவருவார். விளக்கமும் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தனுப்பு.

சக்தி


கோவளம்
22 ஆகஸ்ட் 2025

சக்திவேல்,

உன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கோபத்தில் எழுதுகிற வார்த்தை இல்லை இது. உண்மையிலேயே எழுந்து போய்க் கழுவினேன். எதையோ தொட்டுவிட்ட மாதிரி இருந்தது.

தேவானந்தம் அண்ணனை வெறுங்கையோடு அனுப்பினேன். கையெழுத்துக் கிடையாது. உன் வக்கீலின் தாளைக் கிழித்துவிட்டேன்.

"எல்லாரும் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த எல்லாரும்? ஜூலையில் கேன்டீனில் நீ என்னைக் கேட்டாய்: "போன வருஷம் சோடியம் வீடியோ நல்லாப் போச்சு. இந்த வருஷம் பொட்டாசியம் போடலாமாக்கா? இன்னும் பெருசா வெடிக்குமாமே?" வேண்டாம் என்றேன். நீ சரி என்றாய். நான் திருச்சிக்கு ரயில் ஏறும்வரை காத்திருந்து வாங்கியிருக்கிறாய்.

கண் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது, சினேகா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழக்கூடை இருந்தது. பள்ளியின் சின்னம் அச்சடித்த ரிப்பன் அதில் கட்டியிருந்தது. ஆப்பிள், கிவி, நடுவில் "விரைவில் நலம் பெறுக" என்று ஒரு அட்டை, அதன் கீழே சேர்க்கைக்கான தொலைபேசி எண். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் விளம்பரமா சக்தி? எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அவள் அம்மா கன்னியம்மா அதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"எம் பொண்ணு மூஞ்சி நல்லாக்கீது, வீடியோவுக்கு வோணும்னு கேட்டாங்க மிஸ். சரின்னேன். இப்ப மூஞ்சி கீது. கண்ணு எங்க?"

கண்ணாடியை அவளாகக் கழற்றவில்லை. அதையும் கேட்டுவிட்டேன். உன் விளம்பரக்காரர் மோகன்ராஜ், "கண்ணாடி போட்டா மூஞ்சி தெரியாதும்மா, கழட்டிடு" என்றிருக்கிறார். சினேகா உன்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். "கரஸ்பாண்டன்ட் சார் தலைய ஆட்டினாரு மிஸ். அதான் கழட்டினேன்."

பள்ளியின் தாளாளர் தலையாட்டினால், பதினோராம் வகுப்புப் பிள்ளை கழற்றத்தான் செய்யும். அந்தத் தலையாட்டலை அவள்மேலேயே எழுதி, என்னைக் கையெழுத்தும் போடச் சொல்கிறாய். இனி தேவானந்தத்தை அனுப்பாதே. தபாலில் போடு. உன் கார் இந்தத் தெருவுக்குள் வருவதை நான் விரும்பவில்லை.

வினிதா


ஊரப்பாக்கம்
27 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீ எப்போதும் இப்படித்தான். தப்பு நடந்த இடத்தில் நீ இருக்க மாட்டாய். பிறகு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாய்.

ஆமாம், வேண்டாம் என்று சொன்னாய். ஏன் என்று சொன்னாயா? டீயைக் குடித்துவிட்டு, "அதெல்லாம் வேண்டாம்" என்று எழுந்து போனாய். நான் பி.காம் படித்தவன். எனக்குத் தெரிந்த வேதியியல் பத்தாம் வகுப்பில் நீ வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான். தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, "மேலிருந்து கீழாக ஒரு தொகுதியில் இருப்பது எல்லாம் ஒரே குடும்பம், ஒரே மாதிரி நடந்துகொள்ளும்" என்று சொன்னது யார்? சோடியத்துக்கு நேர் கீழே பொட்டாசியம். ஒரே தொகுதிதானே? ஒரே குடும்பம்தானே? சோடியம் போடலாம், பொட்டாசியம் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவர் ஜேசன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

நீ இந்தப் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில்தான் பன்னிரண்டு வருடம் சாப்பிட்டாய். போன வருடம் சோடியம் வீடியோவில் நீயும் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அந்த வீடியோவைப் பார்த்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் தெரியுமா? அப்போது உனக்குக் குமட்டவில்லை. உண்மையைச் சொன்னால், உன்னுடைய இந்தச் சுத்தம்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சினேகாவின் வைத்தியம் முழுக்க நாம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கும், நாலாம் வகுப்பில் இருக்கும் அவள் தம்பிக்கும் இலவச இடம் தொடரும். அவர்கள் வீட்டில் ஒத்துழைத்தால். நான் மிரட்டவில்லை, நிலைமையைச் சொல்கிறேன். நீ அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாய், நீயே எடுத்துச் சொல்லலாம்.

சக்தி


கோவளம்
31 ஆகஸ்ட் 2025

சக்திவேல்,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். ஜூலையில் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நான் சொன்ன 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தேன். இப்போதாவது முழுக்கப் படி.

ஒரு தொகுதியில் உள்ள தனிமங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பது பாடத்தின் பாதி. எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருப்பதால் அப்படி. மீதிப் பாதியும் அன்றைக்குச் சொன்னேன், நீ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் அணுவுக்கு ஒரு கூடு கூடுகிறது. லித்தியத்துக்கு இரண்டு, சோடியத்துக்கு மூன்று, பொட்டாசியத்துக்கு நான்கு. அணு பெருத்துக்கொண்டே போகும். வெளியே இருக்கிற அந்த ஒற்றை எலக்ட்ரான் உட்கருவிலிருந்து தள்ளிப் போகும். நடுவில் இருக்கும் கூடுகள் உட்கருவின் இழுப்பை மறைக்கும். பிடி தளரும். அதைப் பிடுங்குவதற்கு வேண்டிய ஆற்றலுக்குத்தான் அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். கீழே போகப் போக அது குறையும். உருகுநிலையும் குறையும். அதனால்தான் தண்ணீரில் லித்தியம் வெறுமனே நுரைக்கும். சோடியம் உருகி உருண்டையாகி ஓடும். பொட்டாசியம் தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் ஊதா நிறத்தில் தீப்பிடிக்கும். அதற்கும் கீழே இருப்பவற்றைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

குடும்பம் ஒன்றுதான். ஆனால் கீழே போகிற திசை என்று ஒன்று இருக்கிறது. அந்தத் திசையைத்தான் நீ "இன்னும் பெருசா வெடிக்குமாமே" என்று கேட்டாய். ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. பெரிதாக வெடிக்கும் என்று தெரிந்ததால்தான் வாங்கினாய். இப்போது எப்படித் தெரியும் என்கிறாய்.

இதைப் படித்துவிட்டு அணுவும் மனிதனும் ஒன்று என்று எதையாவது மேடையில் பேசிவைக்காதே. அணுவுக்கு எது எளிதோ அது நடக்கும். அதற்கு வேறு வழி கிடையாது. உனக்கு இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஜேசன் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். பாதி மூட்டை கட்டியிருந்தார். சொந்த ஊருக்குத் திரும்புகிறாராம். முதலில் அரிசி அளவுக்குத்தான் வெட்டினேன் என்றார். நீ அதைப் பார்த்துவிட்டு, "இது கேமராவுல தெரியவே தெரியாது" என்றாய். சுண்டைக்காய் அளவுக்கு வெட்டினார். "ட்ரோன் மேல நிக்குது, வந்தவங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க. பெருசா போடுங்க சார்" என்றாய். நெல்லிக்காய் அளவு. அப்போது மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே போகப் போக ஏன் வேகம் கூடுகிறது என்று விளக்கத் தயாராக நின்ற சினேகா கேட்டிருக்கிறாள்: "சார், இது ரொம்ப பெருசா இல்ல?"

நீ சிரித்தாயாம். "பயமா? பின்ன எதுக்கு சயன்ஸ் குரூப் எடுத்த?"

அந்தச் சிரிப்பை ஜேசன் சொன்னபோது என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். அவர் கையெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணை விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவியவர் அவர்தான். வெந்துபோனதில் பாதி, பொட்டாசியம் தண்ணீரோடு சேர்ந்து உண்டான காரத்தால். அவர் கழுவாமல் இருந்திருந்தால் முகமும் போயிருக்கும். அவரைத்தான் நீ நிறுத்தியிருக்கிறாய்.

சினேகா யார் என்று உனக்குத் தெரியுமா? அட்டவணை எடுத்த முதல் வாரத்திலேயே எழுந்து நின்றாள். "இடமிருந்து வலமா போனா அயனியாக்கும் ஆற்றல் கூடணும்னு சொன்னீங்க மிஸ். அப்போ நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்கு ஏன் கொறையுது?" மற்றவர்கள் விதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அவள் அது எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டாள். அந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவர்கூட இல்லை.

அவள் தம்பியின் படிப்பை வைத்து நீ எழுதிய வரியை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல என் வாய் கூசியது.

வினிதா


ஊரப்பாக்கம்
5 செப்டம்பர் 2025

அக்கா,

இன்றைக்கு ஆசிரியர் தினம். பிள்ளைகள் உன் மேசையில் ரோஜா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.

பெருசா போடச் சொன்னேன். சரி. அதை யாரும் சொல்ல மாட்டார்களா? கல்யாண வீட்டில், பொதுக்கூட்டத்தில், எங்கேயும் சொல்கிற வார்த்தைதான். அதற்காக ஒரு பெண்ணின் கண்ணை எடுக்க நினைத்தேனா? அந்தச் சிரிப்பு எனக்கு நினைவில் இல்லை. ஜேசன் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கவும் செய்யலாம்.

உன் கையெழுத்து இனி வேண்டாம். சினேகாவோடு படிக்கிற தமிழினி அன்று பக்கத்தில் நின்றவள். சினேகா தானாகத்தான் கண்ணாடியைக் கழற்றினாள் என்று அவள் சொல்வாள். வீடியோவில் குரல் எதுவும் இல்லாதபடி மோகன்ராஜ் பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு நீ திரும்பி வா. உன் வகுப்புகளை நடத்த ஆள் இல்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நீ நம்ப மாட்டாய்.

சக்தி


கோவளம்
9 செப்டம்பர் 2025

சக்திவேல்,

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து சினேகாவையும் கன்னியம்மாவையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் சாலையில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு விளம்பரப் பலகை.

ஊதாத் தீ. அதன் வெளிச்சத்தில் சினேகாவின் முகம். கண்கள் இரண்டும் அகலத் திறந்திருக்கின்றன. "உங்கள் பிள்ளையின் வியப்பு இங்கே தொடங்குகிறது." சேர்க்கை நடைபெறுகிறது. நம் பள்ளியின் பெயர். அப்பாவின் பெயர்.

வெடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் எடுத்த படம் சக்தி அது. அவளுடைய இடது கண் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். அதை வெட்டி, வண்ணம் கூட்டி, வாசகம் எழுதி, சாலையில் தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். இதை ஒருவர் செய்ய முடியாது. ஒருவர் வெட்டியிருப்பார், ஒருவர் வாசகம் எழுதியிருப்பார், நீ பார்த்துச் சரி என்று சொல்லியிருப்பாய். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட வயிற்றைப் புரட்டவில்லையா?

நான் ஜன்னலை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். கட்டுப் போட்ட பக்கம் ஜன்னல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எனக்கே அந்த நினைப்பு அசிங்கமாக இருந்தது. அவள் அழவில்லை. "என் மூஞ்சிய எறக்கச் சொல்லுங்க மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

இந்த மாதத்தில் இந்தக் குடும்பம் உன்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

தமிழினியைப் பற்றி எழுதியிருக்கிறாய். சினேகாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் அவள். ஒரு பிள்ளையின் கண்ணை எடுத்தது போதாதென்று இன்னொரு பிள்ளையின் வாயையும் எடுக்கிறாயா? எதைச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பதில் எழுதிவிடுவாய்.

பதினைந்தாம் தேதி ஜேசன் ஊரிலிருந்து வருகிறார். சினேகாவும் வருகிறாள். நானும் வருகிறேன்.

வினிதா


ஊரப்பாக்கம்
16 செப்டம்பர் 2025

அக்கா,

நேற்று நீ வராண்டா பெஞ்சில் சினேகாவோடு உட்கார்ந்திருந்தாய். நான் உங்களைக் கடந்து முதல்வர் அறைக்குப் போனபோது மூக்கைப் பொத்தினாய். ஏன் அந்த நாற்றம் என்று உனக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன்.

தமிழினிக்கு மாணவர் தலைவி பதவி தருவதாகச் சொல்லியிருந்தேன். வக்கீல் என் அறையிலேயே வைத்து அவளைத் தயார் செய்தார். "சத்தமா சொல்லும்மா. நடுவுல அழுதா இன்னும் நல்லது." அவள் பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள். நான் கணினியில் வேறு வேலை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜேசன் சொல்லி முடித்தார். அடுத்தது அவள். பின்பக்க வராண்டாவில், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் போய், "பயப்படாதம்மா, சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்லு" என்றேன். அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். என் சட்டைமேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். தயிர்சாதம், ஊறுகாய், எல்லாம். என் கழுத்து வரை.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை அக்கா. துப்பட்டாவை எடுத்து என் சட்டையைத் துடைக்க ஆரம்பித்தாள். "சாரி சார், சாரி சார், தெரியாம வந்துருச்சி சார், நான் சொல்லிடறேன் சார், கரெக்டா சொல்லிடறேன் சார்." துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துடைத்தாள்.

வக்கீல் வந்து பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். "நீங்க சட்டைய மாத்திட்டு வாங்க சார். அதுக்குள்ள பொண்ணு மூஞ்சி கழுவட்டும். பத்து நிமிஷம் டைம் கேக்கறேன். இதுவும் நமக்கு நல்லதுதான், பொண்ணு எவ்வளவு பாதிச்சிருக்குன்னு காட்டலாம்."

நமக்கு நல்லது. அந்த வார்த்தையைக் கேட்டபோது, அந்த நாற்றம் அவள் எடுத்த வாந்தியிலிருந்து வரவில்லை என்று தோன்றியது. தமிழினியை வகுப்புக்குப் போகச் சொன்னேன். சட்டை மாற்றவில்லை. அப்படியே உள்ளே போனேன்.

அதிகாரி அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னங்க இது?" என்றார். நான் சொன்னேன்: "ஜேசன் சின்னதாத்தான் வெட்டினாரு மேடம். நான்தான் பெருசா போடச் சொன்னேன். அந்தப் பொண்ணு, ரொம்ப பெருசா இல்லையான்னு கேட்டுச்சு. நான் சிரிச்சேன். கண்ணாடிய கழட்டச் சொன்னது வீடியோகாரர். என்னைப் பாத்துச்சு. நான் தலைய ஆட்டினேன்."

"எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஏன்?" என்றார். "கீழ போகப் போக வேகம் கூடும்னு தெரியும் மேடம். அதுக்காகத்தான்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை காவல் நிலையத்திலிருந்து வந்து வாக்குமூலம் வாங்கிப் போனார்கள். என் பெயரில் வழக்கு. தாளாளர் பொறுப்பிலிருந்து விலகக் கடிதம் கொடுத்துவிட்டேன். பலகை இறங்கிவிட்டது. மோகன்ராஜிடமிருந்த முழு வீடியோவையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டேன். ஜேசனைத் திரும்பக் கூப்பிட்டேன். போனை எடுத்து, "வேண்டாம் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே. அந்தப் பெண் வாந்தி எடுக்காமல் இருந்திருந்தால், வக்கீல் எழுதித் தந்ததைத்தான் சொல்லியிருப்பேன். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டாயிற்று. இன்னும் என்மேல் நாற்றம் அடிக்கிறது போலவே இருக்கிறது.

அப்பா என்னோடு பேசவில்லை. நீயாவது எழுது.

சக்தி


கோவளம்
20 செப்டம்பர் 2025

சக்தி,

உன் கடிதம் கிடைத்தது.

உன்னைப் பாராட்டி ஒரு வரி எழுத முயன்றேன். வரவில்லை. செய்யக் கூடாததைச் செய்துவிட்டு, அதைச் செய்ததாகச் சொன்னதற்குப் பாராட்டு எதற்கு? ஆனால் சொன்னாய். அது நடந்தது. அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அருவருப்பு வந்தது என்கிறாய். எனக்கு ஆகஸ்ட் முழுக்க இருந்தது, உனக்கு வர ஒரு பிள்ளை உன்மேல் வாந்தி எடுக்க வேண்டியிருந்தது.

நேற்று சாயங்காலம் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். வலை காய்கிற வாசலில் சினேகா உட்கார்ந்திருந்தாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்க, எதையும் விடாமல். தமிழினி வாந்தி எடுத்த இடத்தில் சிரித்துவிட்டாள். "பாவம் மிஸ் அவ. பயந்துட்டா அவளுக்கு வயிறு தாங்காது." பிறகு சிரிப்பு நின்றது. கடிதம் முடிகிறவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கேட்டாள்: "சரி மிஸ். அவரு உண்மைய சொல்ட்டாரு. அதுக்கு இப்ப நான் இன்னா பண்ணணும்?"

மீன் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிரவே இல்லை.

டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணில் பார்வை திரும்பாது. அவளுக்கு நேராகவே சொன்னார். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளியில் வணிகவியல் பிரிவில் சேர்கிறாள். அறிவியலே எடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "அந்த அட்டவணைய பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி வருது மிஸ். வேணாம்" என்றாள். நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பற்றி என்னை மடக்கிய பெண். கண்ணுக்குத்தான் வழக்குப் போட முடியும் சக்தி. இதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. உன் செயலில் எனக்கு மிகவும் குமட்டுவது எது என்று கேட்டால், இதுதான்.

நான் திரும்பி வர மாட்டேன். இங்கேயே வேறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது கன்னியம்மா வாசல்வரை வந்தார். "உங்க தம்பி பேப்பர்ல இன்னா வேணா எழுதட்டும் மிஸ். எம் பொண்ணு எதிர்ல வந்து ஒரு தடவ சொல்லச் சொல்லு." சினேகா உள்ளேயிருந்து, "வரட்டும்மா" என்றாள். அதில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். வக்கீல் வேண்டாம். யாருக்கும் எதுவும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். கேட்டால் பதில் சொல், கேட்காவிட்டால் சும்மா இரு.

அவளுக்கு வலது பக்கமாக உட்கார். இடது பக்கம் உட்கார்ந்தால் நீ அவளுக்குத் தெரிய மாட்டாய். உனக்கு அது வசதியாக இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

அக்கா